உனக்குப் பதிலாக வந்தவன்

அன்புள்ள தம்பிக்கு (அன்பு கடித வழக்கத்துக்காக மட்டும்),

அக்கா எழுதுவது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பதாக இல்லை. பீரோவைப் புது வீட்டுக்கு ஏற்றிய அன்று, அது மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொள்ள, தப்பாக அளந்தது நீயா நானா என்று சண்டை போட்டு, "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் "போறேன்" என்று போனாயே, அதற்காக நான் ஒன்றும் உருகிப்போய்விடவில்லை என்று தெரிவிக்கவே இக்கடிதம்.

எனக்கு வேறு தம்பி கிடைத்துவிட்டான். ரோபோ. சிரிக்காதே. மனிதர்களும் ரோபோக்களும் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று இங்கே சிலர் ஆராய்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்தால் எல்லாரும் மேடையில் பேசுகிற மாதிரி பேசுகிறார்களாம். அதனால் வீட்டில் பேசுகிற மாதிரி பேசட்டும் என்று என்னையும் ஒரு ரோபோவையும் சபைக்கு முன்னால் நாடக மேடையில் ஏற்றிவிட்டார்கள். "வசனம் கிடையாது. உங்க வீட்டுக்கு யாரோ வந்துட்டுப் போறாங்க, அவ்வளவுதான். யாரு வரணும்?" என்றார் இயக்குநர் அம்மாள். வாய் தவறி "என் தம்பி" என்றுவிட்டேன். பீரோ கதையையும் கறந்துவிட்டார்.

முதல் நாள் வந்தவனிடம் "சாப்பிட்டியாடா?" என்றேன். "நான் உணவு உண்பதில்லை" என்கிறான் மகாராஜன்! "கேட்டா சாப்பிட்டேன்க்கான்னு சொல்லித் தொலையேன்டா!" என்று நான் கத்த, சபை சிரிக்க, அவன் "வரேன்"னு எழுந்து விறுவிறுன்னு போயே போய்ட்டான். எனக்கு வந்ததே கோபம்! கிளம்புறவன் இப்படியா கிளம்புவான்? வாசல்ல நிக்கணும், செருப்பைத் தேடணும், வந்த விஷயத்தையே அங்கதானே ஆரம்பிக்கணும்! எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்தேன். விளைவு, நேத்து வாசல்ல போய் நின்னவன் நின்னவன்தான். குழாய் ஒழுகுதாங்கிறான், மூட்டுவலி எப்படிங்கிறான், செருப்பே போடாத காலுக்குச் செருப்பு தேடுறான். பாதி சபை எழுந்து போயிடுச்சு. திரையை இழுத்தா நடுவுல இவன். அப்பதான் வந்த விஷயத்தை ஆரம்பிச்சான்: "எம்மேல கோவமாக்கா?" "இல்லடா, உள்ள வா"ன்னுட்டேன். சமத்தா வந்து உக்காந்துட்டான். மிச்சமிருந்த சபை கைதட்டி ஓயல.

இப்படி ஒரு தங்கமான தம்பி இருக்கையில் நீ வரவேண்டிய அவசியமே இல்லை. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் முழு ஆசி. உனக்குப் பாதி.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: இன்று ஒத்திகையில், "பீரோவைத் தப்பா அளந்தது நீதான்டா" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாம்க்கா" என்கிறான்! எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. இதெல்லாம் ஒரு தம்பியா? ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். பீரோ இன்னும் படியில்தான் நிற்கிறது. ஒருக்களித்து ஏறினால் வந்துவிடலாம்.