ஒழுகுவது கூரை அல்ல

பாடப்பதிவர் என்றொரு மனித இனம் பெருகிவருகிறது. கல் தடுக்கினால் நீங்களும் நானும் 'ஐயோ' என்போம். இவர் 'ஆகா' என்பார். கல்லுக்கு நன்றி சொல்வார். பிறகு, கால் வீங்கினாலும் கவலைப்படாமல், அந்தக் கல் தனக்குக் கற்றுக்கொடுத்தது என்ன என்று ஊருக்கெல்லாம் எழுதுவார்.

தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்கென்று இருக்கும் வலைத்தளம்தான் இவரது மேய்ச்சல் நிலம். பஸ்ஸைத் தவறவிட்டால் நேரத்தின் அருமை பற்றி ஒரு பாடம். ஓடிப்போய்ப் பிடித்துவிட்டால் விடாமுயற்சி பற்றி ஒரு பாடம். உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால் தன் காலில் நிற்பது பற்றி வரிசையாகப் பல பாடங்கள். ஒரு வரி எழுதுவார். ஒரு வரி இடம் விடுவார். நாம் அசந்து போய் மூச்சு வாங்குவதற்காம். கடைசியில், 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்பார். நினைப்பதைச் சொன்னால் உறவு முறிந்துவிடும்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அவர் மனைவிக்கும் தொழில், ஒழுகுகிற கட்டடங்களை ஒழுகாமல் செய்வது. டயர் கடைக்கு மேலே ஒரே அறை, அதில் இரண்டு மேசை. மனைவியின் மேசையில் விரிசல் அடைக்கும் பசை டப்பாக்கள், காய்ந்துபோன தூரிகைகள், எப்போதும் ஒரு படலம் சிமெண்ட் தூசி. அவர் மேசையில் லேப்டாப், முகத்தில் வெளிச்சம் விழ ஒரு வட்ட விளக்கு, ஒரு செடி. செடி பிளாஸ்டிக். வீடியோவில் தெரியாது.

ஆரம்பத்தில் இருவரும் சேர்ந்துதான் மாடி மாடியாக ஏறினார்கள். ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லிவிடுவார். அந்தக் கையைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் இவருக்குக் கழுத்தை நீட்டினார் என்றுகூடச் சொல்வார்கள்.

போன வருஷம் ஒரு பயிலரங்குக்குப் போனார். போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு.

"எல்லாருக்கும் வேலை செய்யறவன் யாருக்கும் வேலை செய்யறதில்ல," என்று வாசற்படியிலேயே ஆரம்பித்தார். "நம்ம இலட்சிய வாடிக்கையாளர் யாருன்னு முதல்ல முடிவு பண்ணணும். நான் முடிவு பண்ணிட்டேன்."

"யாருங்க?"

"வயசு அம்பது. காதோரம் மட்டும் நரை. சொந்தமா ஓட்டல்கள் வச்சிருக்காரு. காலைல ஓடுவாரு, சர்க்கரை போடாத காப்பி குடிப்பாரு. பேரம் பேச மாட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"என் போஸ்ட்டத் தேடிக்கிட்டு இருக்காரு."

"அவரு கூரை ஒழுகுதா?"

"அதெல்லாம் அப்புறம்!"

அன்று முதல் அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதர் குடியேறிவிட்டார். இந்தச் சட்டை அவருக்குப் பிடிக்குமா, இந்த வாக்கியம் அவர் மனசைத் தொடுமா என்று எழுந்தால் அவர், உட்கார்ந்தால் அவர். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படிக் கவனிப்பு கிடைக்காது. 'குளியலறைச் சுவர் ஊறுதுங்க' என்று போன் செய்கிற அற்பர்களுக்கெல்லாம் இனி எப்படி நேரம் ஒதுக்குவது? போனை எடுப்பதையே விட்டுவிட்டார். போனில்தானே பதிவு எழுத வேண்டியிருக்கிறது!

தினம் ஒரு பதிவு. மகள் கணக்கில் தோற்றாள். அதில் ஒரு பாடம். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மௌனத்தின் வணிக மதிப்பு பற்றி ஒரு பாடம். அவர் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்தபோது, ஈரத் தரையின் படத்தோடு இப்படி வந்தது:

'என் மாமனார் விழுந்தார்.

நான் விழித்தேன்.

வழுக்கும் தரை சொல்லித்தரும் ஐந்து தொழில் உண்மைகள்.'

படத்தின் ஓரத்தில் மாமனாரின் பாதம் ஒன்றும் விழுந்திருந்தது. முந்நூறு பேர் விரும்பியிருந்தார்கள். "எதை விரும்பினாங்களாம்?" என்று மாமனார் படுக்கையிலிருந்தே கேட்டார். கீழ்க்கடை டயர்க்காரர் அன்றிலிருந்து நம்மவரைப் 'பாடம் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். நம்மவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

சரி, அந்த முந்நூறு பேர் யார்? தூக்கம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர். கைகுலுக்குவதில் ஆலோசகர். பதிவு எழுதுவது எப்படி என்று பதிவு எழுதுகிறவர். 'பொன்னான வரிகள்!' என்று அவர்கள் இவருக்குப் போடுவார்கள், 'கண் திறந்தது!' என்று இவர் அவர்களுக்குப் போடுவார். குளத்தைச் சுற்றி அத்தனை பேரும் தோளோடு தோள் உரசத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் மீன் இருக்கிறதா என்று கேட்பது அங்கே மரியாதை ஆகாது.

இதற்கிடையே வேலை குறைந்தது. கூட இருந்த ஆட்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் தனியாகவே பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் வீடெல்லாம் ஏறி இறங்கி, "உங்க மாடி எப்படி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கணவர் விளக்கைப் போட்டுக்கொண்டு தன் வாழ்நாளின் சிறந்த பதிவை எழுதிக்கொண்டிருந்தார்:

'ஒழுகுவது உங்கள் கூரை அல்ல.

உங்கள் தலைமை.'

பாராட்டுகள் கொட்டின. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பல் மருத்துவரும் வந்து சேர்ந்தார். இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் மருத்துவமனை வைத்திருந்த பெண்மணி. பல தடவை போன் செய்து பார்த்து, யாரும் எடுக்காததால் வலைத்தளத்தில் தேடிக் கண்டுபிடித்து வந்தவர். பல்லைப் பார்ப்பார், பிடுங்குவார். உருவகம் பேசிப் பழக்கமில்லை. பதிவின் கீழே எழுதினார்:

'எங்களுக்குக் கூரைதான் சார் ஒழுகுது. வந்து பாக்க முடியுமா?'

நம்மவர் உருகிப்போனார். 'எவ்வளவு ஆழமான கேள்வி! நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. நன்றி!' என்று பதில் போட்டார்.

'உள்ளுக்குள்ள இல்ல சார். மேல் மாடியில. பேஷண்ட் உக்கார்ற நாற்காலிக்கு நேர் மேல.'

'நாற்காலி! அதிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் உண்டா? உங்களிடம் ஓர் எழுத்தாளர் ஒளிந்திருக்கிறார்.'

'சார், தண்ணி. நிஜத் தண்ணி.'

'நிஜமும் தண்ணீரைப் போலத்தான். தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்!'

தேடிக்கொண்டது. அடுத்த பெருமழையில், அந்த நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். மேலிருந்து சொட்டு விழுந்தது. அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்த அந்த நல்ல மனிதர், கொப்பளித்துத் துப்ப எழுந்து தொட்டிப் பக்கம் போனார். போனது அவர் அதிர்ஷ்டம். ஃபால்ஸ் சீலிங் பலகை தண்ணீரோடு பெயர்ந்து, அவர் தலை இருந்த இடத்தில் வந்து விழுந்தது.

மருத்துவர் இடிந்த கூரையைப் படம் எடுத்தார். பக்கத்திலேயே அந்தக் கேள்விகளையும் பதில்களையும் ஒட்டினார். மேலே எழுதினார்: 'பல் வலி என்று வருகிறவர்களிடம் நான் தத்துவம் பேசுவதில்லை. பிடுங்கிவிடுகிறேன்.'

அவ்வளவுதான். இத்தனை நாள் இவர் எழுதியதை எல்லாம் படித்தவர்களைவிட, அன்று ஒரு மத்தியானத்தில் அதைப் படித்துச் சிரித்தவர்கள் அதிகம். தூக்கப் பயிற்சியாளரும் விருப்பக்குறி போட்டிருந்தார். கைகுலுக்கல் ஆலோசகர் கைகொட்டியிருந்தார்.

மனைவிக்கு அதைக் காட்டியது டயர்க்காரர். "அம்மா, இது நம்ம சார்தானே?" என்று போனை நீட்டினார். படித்துவிட்டு அந்த அம்மாள் மாடிப்படி ஏறி வந்தபோது, கணவர் தன் தரப்பு விளக்கத்தை வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் அத உருவகம்னு நெனச்சேன்."

"கூரை ஒழுகுதுன்னு ஒருத்தங்க நம்மகிட்ட வந்து சொல்றாங்க. நம்மகிட்ட! அது உருவகமா?"

"பதிவோட தொனி அப்படி இருந்துச்சு..."

"அப்பா விழுந்தன்னைக்கு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

அவர் வட்ட விளக்கை அணைத்தார்.

"'கை குடுங்க மாப்பிள்ளை'ன்னு கேட்டாராம். நீங்க, 'அப்படியே இருங்க மாமா, இதோ'ன்னு சொல்லிட்டுப் படம் எடுத்தீங்களாம். என்கிட்ட மறைச்சிட்டாரு மனுஷன். நேத்து அம்மா சொல்லித்தான் தெரியும். உங்களுக்கு அவமானமாப் போயிடும்னு மறைச்சிருக்காரு." தூக்கி வந்த டப்பாவைக் கீழே வைத்தார். "இன்னைக்கு ஒருத்தர் தலை தப்பிச்சிருக்கு. வேலை இல்லாம நான் வீடு வீடா அலையறேன். வேலை உங்க மேசைக்கே வந்து மூணு தடவ கூப்பிட்டிருக்கு."

அவர் மனைவியின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் பசை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எவ்வளவு துழாவியும் அவருக்குப் பாடம் ஒன்றும் அகப்படவில்லை. லேப்டாப்பை மூடினார்.

"டப்பாவ எடுங்க. கிளம்பலாம்," என்றார் மனைவி.

பல் மருத்துவர் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார்.

"இவருதானா அவரு?"

"இவருதாங்க."

"எங்கிட்ட வர்றவங்கள வாயைத் திறக்கத்தான் சொல்வேன். நீங்க மட்டும் மூடிக்கிட்டே வேலையப் பாருங்க சார்."

பார்த்தார். மொட்டை மாடியில் முட்டி போட்டு, ஒவ்வொரு விரிசலாகத் தடவிக்கொண்டு போனார். மனைவி தளத்துக்குப் பூச்சு போடவேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார். இவர் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, "தளத்துல இல்ல. தொட்டிக் குழாய் சுவத்துக்குள்ள இறங்குற இடத்துல விரிசல் விட்டிருக்கு, மழைத் தண்ணி அது வழியாத்தான் இறங்குது. அங்க உடைச்சுப் பாரு," என்றார். உடைத்தார்கள். அங்கேதான் இருந்தது. அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவருக்குக் காதுவரை சிவந்தது.

வேலை முடிந்ததும், முழுக் கட்டடத்தையும் பார்த்துத் தரச் சொன்னார் மருத்துவர். அவர்தான் அந்தக் கட்டடத்து உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளராம்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இனத்தின் குணம் அவ்வளவு லேசில் போகுமா? கீழே இறங்கும் முன் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வேலை செய்வது போல மறுபடி ஒருமுறை முட்டி போட்டார். "கொஞ்சம் தள்ளிக்கோ, வெளிச்சத்த மறைக்கிற," என்றார் மனைவியிடம். மறுநாள் காலை பதிவு வந்துவிட்டது:

'ஒரு கூரை இடிந்தது.

என் கர்வமும்.'

தோல்வியை ஒப்புக்கொண்ட துணிச்சலைக் கண்டு வலைத்தளம் கண்ணீர் விட்டது. தூக்கப் பயிற்சியாளர் இரவெல்லாம் தூங்கவில்லையாம். தோல்வி பற்றிப் பேச ஒரு மேடைக்குக்கூட அழைப்பு வந்தது. இரண்டு நாள் கழித்து, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்தப் போனும் வந்தது.

"உங்க போஸ்ட்டப் பாத்தேன். எனக்கு நாலஞ்சு ஓட்டல் இருக்கு. எல்லாம் பழைய கட்டடம்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். சட்டைக் காலரைக்கூடச் சரி செய்துகொண்டார். "சொல்லுங்க சார்! உங்களுக்காகத்தான் சார் இவ்வளவு நாளா..."

"அந்தப் படத்துல ஓரமா ஒரு அம்மா டப்பாவோட நிக்கிறாங்களே, அவங்களும் வேலை பாக்கிறவங்களா?"

"அது... என் மனைவி சார்."

"அவங்க நம்பர் குடுங்களேன். தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட சொன்னா வேற ஏதாவது அர்த்தம் பண்ணிக்குவீங்களோன்னு ஒரு பயம்."

கொடுத்தார். வேறென்ன செய்வார்? கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பிளாஸ்டிக் செடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த அம்மாளுக்கு ஓட்டல் ஓட்டலாக வேலை. போன ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கணவரும் கூடப் போகிறார், ஒரே நிபந்தனையோடு: காலையில் போனை டயர் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். மாமனார் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். மருமகன் தாங்கிப் பிடிக்கக் கிட்டே வந்தால், முதலில் அவர் இரண்டு கையும் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அப்புறம்தான் தன் கையைக் கொடுக்கிறார்.

சிரித்தீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. படித்துக்கொண்டு வரும்போதே, இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஓர் ஆளை மனத்தில் குறித்து வைத்துக்கொண்டீர்களே, அனுப்பும்போது மேலே நீங்களாக இரண்டு வரி சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியதா இல்லையா? முதல் வரி ஏறக்குறைய தயாராகிவிட்டது என்றுகூட நினைக்கிறேன். நல்ல வரிதான்.

அதற்கு அடுத்து ஒரு வரி இடம் விட மறந்துவிடாதீர்கள்.