புல்வெளியில் ஒதுங்கிய தூண்கள்

இது கடலைக் கண்ட மரமே இல்லை.

ஹல்லா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்ததே பக்கத்தில் நிற்பவர் காதில் விழுந்திருக்குமோ என்று பயந்தாள். அவளுடைய புல்வெளியின் நடுவே, நேற்று மாலை இல்லாத இரண்டு தூண்கள் கிடந்தன. இழுத்து வந்த தடம் மலையடி வரை தெரிந்தது. கடல் மலைக்கு அப்பால் இருந்தது.

வடகடலின் கோடியில் ஆளில்லாமல் கிடந்த அந்தத் தீவைக் கண்டதும், கெத்தில் என்ற தலைவர் தம் ஆசனத்தின் இருபுறமும் நிற்கும் தூண்களைக் கப்பலிலிருந்து கடலில் எறிந்தார். அவை ஒதுங்கும் கரையில் தலைவர் குடியேறுவது அவர்கள் வழக்கம். இடத்தைத் தெய்வம் தேர்ந்தெடுக்கிறது என்று நம்பினார்கள். பெண்களுக்கு வேறு வழக்கம். ஒருத்தி ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு, சூரியன் எழுந்து மறைவதற்குள் சுற்றி வரும் நிலம் அவளுடையது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஹல்லா இந்தப் புல்வெளியை அப்படித்தான் பெற்றாள்.

தூண்கள் வெறும் பாறையில் ஒதுங்கின. தெய்வம் மறுபடி யோசிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று முதல் ஆணை பிறந்தது. அதன்பின் தூண்கள் நல்ல இடங்களில் மட்டுமே ஒதுங்கின. முதலில் மீன்துறை, பிறகு காடு. அங்கிருந்தவர்கள் பாறைக்குப் போனார்கள். குளிர் தாங்கவில்லை என்று அவர்கள் முறையிட்டதும், தீவுக்குப் பசுந்தீவு என்று பெயர் சூட்டி, குளிர்கிறது என்று சொல்வது குற்றம் என்றார்கள். இருமலுக்குத் தடையில்லை. தூண் கிடக்கும் இடமே கடற்கரை என்பது கடைசி ஆணை.

சட்டங்களை மனப்பாடமாக ஓதும் ஓர்ம் தொண்டையைச் செருமினார்.

"தாயே, தெய்வம் உன்னைத் தேடி வந்திருக்கு. தூண் அலையில மிதந்து வந்ததைப் பார்த்தேன்னு சபையில சொல்லு. போதும்."

"அலை எங்கங்க இருக்கு?"

"சட்டத்துல இருக்கு."

உடன் வந்த வீரன் சிரிக்கப்போய் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"சொன்னா பாதிப் புல் உனக்கு. மாடுங்க பனிக்கால... பச்சைப் பருவத்தைத் தாண்டிடும். சொல்லலைன்னா எல்லாம் போயிடும்."

"எப்படியும் எடுக்கப்போறாரு. என் வார்த்தை எதுக்குங்க?"

ஓர்ம் குரலைத் தாழ்த்தினார். "சும்மா எடுத்தா பறிச்சதா ஆகும் தாயே. நீ சொன்னா தெய்வம் குடுத்ததா ஆகும்."

ஹல்லா மாடுகளை நினைத்தாள். பிறகு மீன்துறை ஆஸ்கெர்டை நினைத்தாள். அவளும் பார்த்ததாகச் சொன்னவள்தான். இப்போது பாறையில் இருக்கிறாள். இதைவிட ஹல்லாவை உறையவைத்தது வேறொன்று: உண்மையிலேயே பார்த்ததாக இன்று ஆஸ்கெர்டே நம்புகிறாள்.

குனிந்து தூணைத் தடவினாள். கை நனையவில்லை.

"நான் பார்க்கலைங்க," என்றாள். பக்கத்தில் கட்டியிருந்த கிடாரியின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். "நீங்க கிளம்புங்க. இங்க ரொம்பக் குளிருது."

வீரன் தன்னையறியாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.