அத்தானின் சீரியல் கார்டு

தகவல் தொடர்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புறாவில் தொடங்கி என் அத்தானில் முடிக்க வேண்டும். தம் கிழட்டுக் கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் கார்டைச் செருகிய மகான் அவர். ஞாயிறுதோறும் அதைத் தரிசிக்க நான் உட்காரவைக்கப்பட்டேன்.

டிவியோடு இணைத்துத் தட்டுகிற காலத்துக் கம்ப்யூட்டர் அது. கார்டு செருகினால், ஒரு வயர் வழியே இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசும். மாடி வீட்டுக்காரரிடமும் அதேபோல் ஒன்று இருந்தது. ஜன்னல் வழியாக வயர் இறங்கியது. துணி காயப்போடும் கொடி 'பொதுநலன் கருதி' அகற்றப்பட்டது.

"எதுக்குங்க இது? அவரைக் கூப்பிட்டாலே கேக்குமே?" என்றாள் அக்கா.

"கேக்கறது வேற, கம்யூனிகேஷன் வேற" என்றார் அத்தான்.

அக்காவுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. மறுநாளே போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாமென்று எழுதித்தர வேண்டும். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அத்தான் "ம்" என்றார். அது சம்மதமா, செருமலா என்பது ஆய்வுக்குரியது.

திரையில் முதலில் வந்ததெல்லாம் கேள்விக்குறியும் கோணல்மாணலும்தான்.

"ரெண்டு பக்கமும் வேகம் ஒத்துப்போகல மாப்ளே. கொஞ்சம் பொறுமையா விட்டுப் பிடிச்சா வழிக்கு வந்துடும்" என்று கார்டைத் தடவிக்கொடுத்தார். அவ்வளவு கனிவான குரலை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் திரை உயிர்பெற்றது. ஆங்கில எழுத்தில் தமிழ், சொட்டுச் சொட்டாக விழுந்தது:

'நான் அக்கா. ஸாரி, உங்க பொண்டாட்டி. தம்பியும் படிப்பான்னு குழம்பிட்டேன். டிரான்ஸ்பரை ஒத்துக்கிட்டேன். காலையில கிளம்பறேன். ஏதாவது சொல்லணுமா?'

அத்தான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பாத்தியா மாப்ளே! ஒரு எழுத்துகூட விட்டுப்போகல!"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மாடியைப் பார்த்துக் கத்தினார்: "பிரமாதம்! இன்னொரு தடவை அனுப்புங்க!"

அனுப்பவில்லை. அக்கா இறங்கி வந்து துணிமணிகளை அடுக்கினாள். காலையில் நான்தான் ரயிலேற்றிவிட்டேன். சாயங்காலம் அத்தான் போன் செய்தார்.

"என்ன மாப்ளே, உங்க அக்காவைக் காணோம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அந்தக் கார்டின் பெருமையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. அந்த வீட்டில் அக்கா சொன்னதை முழுசாக உள்வாங்கியது அது ஒன்றுதான்.