இந்தி மட்டும் தெரிந்த பசு

முப்பத்தெட்டாவது வயதில் பக்தவத்சலம் எழுத்தாளர் ஆவதென்று முடிவு செய்தார். ஒரு வருஷத்துக்குள் மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் பெயர் வரவேண்டும். ஆபீசில் தபால்களுக்கு நம்பர் போட்டே ரிட்டையர் ஆவதற்கா அந்தமானுக்குக் கப்பல் ஏறி வந்தார்? மனைவி விசாலாட்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இதைக் காதில் வாங்கினாள். "சரி, ஆவுங்க. வரும்போது கப்பல் வெங்காயம் இறங்கியிருக்கான்னு பார்த்துட்டு வாங்க" என்றாள்.

அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடை மாடியில் ஞாயிறு மத்தியானம் தமிழ் எழுத்தாளர் வட்டம் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தலைவர் திருநாவுக்கரசு காண்டிராக்டர். தூய தமிழில் இரும்பு மனிதர். பிறமொழிச் சொல் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நிற்கவேண்டும் என்பது அவர் சட்டம். முதல் நாளே "பஸ் லேட் ஐயா" என்று சொல்லி பக்தவத்சலம் இரண்டு நிமிஷம் நின்றார்.

பிறகு பதினொரு பக்கக் கதை வாசித்தார். நிலா, மாடம், காதலனைப் பிரிந்த இளவரசி. படகு கட்டும் லூர்துநாதன் தயங்கித் தயங்கி, "இளவரசி நல்லாத்தான் அழுவுறாங்க. எதுக்குன்னுதான் பிடிபடலை" என்றார். கண்ணால் பார்த்ததை எழுதும்படி தலைவர் அறிவுரை சொன்னார். பக்தவத்சலம் கண்ணால் பார்த்ததெல்லாம் தபால் ரிஜிஸ்தர்தான்.

அன்று சாயங்காலம் புரோத்ராபூர் வீட்டில் விசாலாட்சி வழக்கம்போல் குழாயடிச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ருக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது முருங்கைக் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்தாளாம். கப்பல்காரர்கள் பிடுங்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயந்து துணியில் சுற்றி, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாளாம். மூன்றாம் நாள் கப்பல் டாக்டர் வந்து, குழந்தை ஏன் அழவே மாட்டேனென்கிறது என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாராம். பன்னிரண்டு வருஷமாக மனைவி பேச்சுக்கு அடைத்திருந்த பக்தவத்சலத்தின் காது அன்று திறந்தது.

அடுத்த ஞாயிறு அது அவர் கதை ஆயிற்று. மாடி அதிர்ந்தது. யாருக்கும் கைதட்டாத தலைவர் தட்டினார்.

அதிலிருந்து தினம் சாயங்காலம் அவர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்புறம்?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டறியாத விசாலாட்சிக்கு முகம் மலர்ந்துபோயிற்று. காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் விழுந்தது. அது எதற்காக விழுந்தது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் குடித்தார். இப்படி நான்கு கதைகள் ஆயின.

வட்டம் அந்தக் கதைகளை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, சின்ன மலராகப் போட்டது. அது விசாலாட்சி கையில் அகப்பட்டது. அவர் வீட்டுக்குள் நுழையும்போது அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முருங்கைக் கொம்பு நான் சொன்னதாச்சே."

"நீ சொன்னது சேதி. நான் எழுதினது இலக்கியம். நடுவுல கற்பனைன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு அது புரியாது."

அவள் மலரை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. தைத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் தேறும் கதையை மெட்ராஸ் பத்திரிகை நண்பருக்கு அடுத்த கப்பலிலேயே அனுப்புவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். கதை வேண்டுமே.

இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள். இந்த ஊரில் ஒரு பெரிய மனுஷர், இந்தி பேசும் ராஞ்சிக்காரர் ஒருவரிடம் பசு வாங்கினாராம். அதற்குத் தமிழ் தெரியாதாம். செந்தமிழில் கெஞ்சினாலும் காலைத் தூக்கி உதைக்குமாம். கடைசியில் அந்த மனுஷர் விடிகாலையில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆ ஜா பேட்டி, ஆ ஜா" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் இந்தியில் கொஞ்சினால்தான் பால் இறங்குகிறதாம்.

"யாரு அந்த மனுஷர்?"

"பேர் எதுக்கு? உங்களுக்குத்தான் கற்பனை வருமே. நீங்களே வெச்சுக்கங்க."

ஞாயிறன்று பக்தவத்சலம் ராகம் போட்டு வாசித்தார். 'ஆ ஜா பேட்டி' வந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது. அவர் குரலை இன்னும் குழைத்து மறுபடி ஒரு தரம் கொஞ்சினார். பிறகு ஒவ்வொரு சிரிப்பாக நின்றது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் முகம் வெற்றிலை போடாமலே சிவந்திருந்தது.

"இந்தச் செய்தி என் வீட்டுக் கொட்டகையைத் தாண்டியதில்லை. உமக்கு எப்படித் தெரிந்தது?"

லூர்துநாதன் காப்பாற்றப் பார்த்தார். 'ஆ' என்றால் பசு, ஆகவே தலைவர் பேசியதில் பாதி தமிழ்தான் என்றார். அது உதவவில்லை.

கற்பனை என்று சொன்னால் தலைவரை வேண்டுமென்றே கேலி செய்ததாகும். இல்லையென்றால் உண்மையைச் சொல்லவேண்டும். பக்தவத்சலத்துக்கு வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"என் சம்சாரம் சொன்னா."

"முந்தைய நான்கும்?"

"அதுவும் அவதான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எழுந்து நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. அவராகவே எழுந்து, பன்னிரண்டு ஜோடிக் கண்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் புரோத்ராபூர் வரை நின்றுகொண்டே வந்தார்.

விசாலாட்சி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொல்லிவிட்டு, தன் பேரைப் போட்டுக்கொண்டது தப்பு என்பதையும் சுவரைப் பார்த்தபடி சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தலைவர் சம்சாரம் மங்கையர்க்கரசி அக்காதான் சொன்னாங்க. அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் உங்ககிட்டச் சொன்னேன்."

அப்படியானால் மாடியில் அவர் ராகம் போட்டபோது ஊரில் இரண்டு சமையலறைகள் சிரித்திருக்கின்றன.

புதன்கிழமை வட்டத்திலிருந்து கடிதம் வந்தது. உறையில் திருமதி விசாலாட்சி என்றிருந்தது. நான்கு கதைகளும் அவள் பெயரில் மெட்ராஸுக்குக் கப்பலேறிவிட்டன. பசுக் கதையை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும். வரும் ஞாயிறு முதல் வட்டத்துக்கு வந்து சிறப்பிக்கவும் என்று தலைவர் எழுதியிருந்தார். அடியில் ஒரு வரி இருந்தது. விசாலாட்சி அதைச் சத்தமாகவே படித்தாள்:

"தங்கள் கணவரின் கையெழுத்து நன்றாக இருப்பதால், படியெடுக்க அவரையும் அழைத்து வரலாம்."