சனிக்கிழமைப் பரமானந்தம்

சந்தேகப் பிராணிக்கு ஒரு வசதி உண்டு. ஊரில் இருக்கிற எல்லோர் மேலும் சந்தேகம் வரும்; தன் மேல் மட்டும் வராது. இதை நான் நாற்பத்தொன்பதாவது வயதில், திருச்சி தில்லைநகரில் ஒரு கிளினிக்கில், மனைவியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நிரூபித்தேன்.

ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றார் டாக்டர். ஒரு மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், குறையாவிட்டால் மாத்திரை என்று ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். எனக்கு மாத்திரை என்றால் நடுக்கம். (விழுங்கத் தெரியாது. இந்த வயதிலும் வாழைப்பழத்துக்குள் வைத்துத்தான்.)

ஆலோசகர் சின்னப் பெண். தூக்கம், வேலை, பசிக்கிற நேரம், எரிச்சல் வருகிற நேரம் எல்லாம் கேட்டுவிட்டு, "இது உங்களுக்காகவே போட்ட சார்ட் சார்" என்று நீட்டினாள். கேழ்வரகு, பாகற்காய், சுண்டல். வாழைப்பழம் கூடாது. நான் வெறுப்பதெல்லாம் உள்ளே, விரும்புவதெல்லாம் வெளியே. என் மனைவி ஜெயந்தி முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

ஆபீஸ் நண்பர் பாஸ்கரும் அந்த ஆலோசகரிடம்தான் போகிறார். இரண்டும் ஒரே ஜெராக்ஸாக இருக்கும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அவர் சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். அவருக்குத் தினம் ஒரு வாழைப்பழம்! முசிறியில் வாழைத்தோப்பு வைத்திருக்கிற குடும்பம் என்னுடையது. சந்தேகம் இரட்டிப்பானது.

தின்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் அன்றைய மனநிலை. மனசுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டாம். ஒரு பருக்கை விடாமல் எழுதினேன்.

மாதம் முடிந்தது. லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை முன்பைவிட அதிகம்.

லேபில் ஆள் மாறிவிட்டது என்றேன். கேழ்வரகில் கலப்படம் என்றேன். அதன்பின் தினமும் காலையில் எழுந்ததும் கால்விரல்களை எண்ணினேன். (பத்து இருந்தன. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினேன்.) கடைசியில் நோட்டைத் தூக்கிக்கொண்டு, ஜெயந்தியையும் கூட்டிக்கொண்டு, நியாயம் கேட்கப் புறப்பட்டேன்.

அந்தப் பெண் பதறவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"தினமும் மனநிலை 'சந்தேகம்'னு எழுதியிருக்கீங்க சார். சனிக்கிழமை மட்டும் 'பரமானந்தம்'. ஆனா அன்னைக்கும் அதே கேழ்வரகுக் கூழ்தான். சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"சாயங்காலம் பெருமாளைச் சேவிக்கப் போவேங்க. ஸ்ரீரங்கத்துலயே இருந்துட்டுப் போகாம இருக்க முடியுமா?"

"அங்க என்ன சாப்பிடுவீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கோயில்ல யாராவது சாப்பிடுவாங்களா? பிரசாதம் வாங்கிக்குவேன்."

பக்கத்து நாற்காலியில் ஜெயந்தி மெதுவாகத் திரும்பினாள். "எவ்வளவுங்க?"

"ரெண்டு தொன்னை புளியோதரை. ரெண்டு சக்கரைப் பொங்கல். கூட வந்தவங்க மிச்சம் வெச்சா கீழ போட முடியாதில்ல, அதையும்…"

சொல்லச் சொல்ல எனக்கே உறைக்க ஆரம்பித்தது. சத்தியமாக நான் எதையும் மறைக்கவில்லை. பெருமாள் கொடுத்ததைப் பாகற்காய்க்குப் பக்கத்தில் எழுதலாம் என்றே தோன்றவில்லை.

அந்த ஆலோசகப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சார்ட்டை வாங்கித் திருத்தினாள். சனிக்கிழமை மதியம் சாதம் குறைவு. கோயிலில் ஒரே ஒரு தொன்னை. இரவு வெறும் சுண்டல். "நிறுத்தச் சொல்ல மாட்டேன் சார். வாரத்துல நீங்க சந்தோஷமா இருக்கறதே அந்த ஒரு நாள்தான்." வீட்டுக்கு வந்ததும் ரகசியமாகப் பாஸ்கருக்குப் போன் போட்டேன். அவர் சார்ட்டில் தொன்னை இல்லை. அன்றைக்குத்தான் நம்பினேன், அது எனக்காகவே போட்டது என்று.

அடுத்த மாதம் சர்க்கரை இறங்கியது. மாத்திரையிலிருந்தும் தப்பினேன். மானம்தான் தப்பவில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் நான் ஜிலேபித் தட்டுப் பக்கம் நகர்ந்தாலும், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி ஜெயந்தி விசாரிக்கிறாள்: "ஏங்க, இது எந்தச் சந்நிதியில கொடுத்தது?"