வேன் கூரைக்கு நான்காவது மூடி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் வேனும் நலம். அங்கே நீயும், உன் மனைவியும், ஆபரேஷன் ஆன உன் வலது காலும் அதே நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கைத்தடி இல்லாமல் வாசல் வரைக்கும் நடந்துவிட்டாய் என்று உன் அக்கா போனை வைத்ததும் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அவசரப்படாதே, எதையும் முறையாகத்தான் செய்ய வேண்டும்.

அதே முறையை ஒட்டித்தான் ஒரு விஷயம். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருந்தோம் அல்லவா, வர முடியாது. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வராததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், வேனின் கூரை. இதைப் போனில் சொன்னால் உன் அக்கா பக்கத்தில் நின்று குறுக்கே பேசுவாள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றை நான் ஓய்வு பெற்ற மறுமாதமே வாங்கியது உனக்குத் தெரியும். உன் வீட்டுக்கு வர இரண்டு நாள் ஆகும், வழியில் ஓரங்கட்டிப் படுத்துக்கொள்ளலாம், யார் தயவும் வேண்டாம். அதன் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே, காற்றுக்காக ஒரு சதுர ஓட்டை இருக்கிறது. அதற்கு உள்ளிருந்து தூக்கித் திறக்கிற மூடி உண்டு. கடைக்காரர் இந்த ஏற்பாட்டை வென்ட் என்கிறார். வண்டி வந்த அன்றைக்கு உன் அக்கா கட்டிலில் படுத்துப் பார்த்து, அண்ணாந்து, "ஏங்க, இது வழியா மழை வருமா?" என்றாள். வராது என்றேன். "ஒரு சொட்டு என் தலையில விழட்டும், நான் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். சிரித்தாள் என்பது வேறு, நிபந்தனை நிபந்தனைதான். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

முப்பத்து நாலு வருஷம் தொழிற்சாலைக் கிடங்கில் வருகிற சாமானையெல்லாம் சோதித்து வாங்கியவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணி உள்ளே வந்தது கிடையாது. முதுகுக்குப் பின்னால் என்னைக் 'கறார்' என்று கூப்பிடுவார்கள், அதில் எனக்குப் பெருமைதான். எனவே அந்த வென்ட்டுக்கு மேல் மாட்ட மழைமூடி வாங்குவதிலும் கிடங்கு முறையையே வைத்தேன். அதாவது, முழு உபயோகச் சோதனை. வேனுக்குள் நிஜமாகவே குடியிருப்பது போல இரண்டு பேரும் உட்கார வேண்டும், அடுப்பில் கெட்டில் இருபது நிமிஷம் கொதிக்க வேண்டும், வென்ட்டுக்கு நேர் கீழே கட்டிலில் தட்டு வைத்துச் சொட்டை எண்ண வேண்டும். சன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட வேண்டும், ஏனென்றால் சன்னல் வழியாகச் சாரல் வந்தால் எந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் என் மூளையை நீ பாராட்ட வேண்டும்.

முதல் மூடி, ஓரத்தில் ரப்பர் நாடா வைத்துத் தைத்த தார்ப்பாய் உறை. நல்ல மழை நாளாகப் பார்த்துச் சோதித்தேன், தட்டில் நாலு சொட்டு. சாமான் தேறவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், கூரையிலிருந்து அதைக் கழற்ற மறந்துவிட்டேன், பாலம் ஏறுகிற இடத்தில் பிய்த்துக்கொண்டு போய்ப் பின்னால் வந்த பள்ளிப் பேருந்தின் முகத்தில் அப்பிக்கொண்டது. அந்த ஓட்டுநர் நல்ல மனுஷர், இறங்கி வந்து கொடுத்துவிட்டு, "சார், உங்க வண்டி தொப்பியை விட்டுட்டு வந்துடுச்சு" என்றார். பேருந்து முழுக்கச் சிரிப்பு. நான் ரசீதைத் தேடிக்கொண்டிருந்ததால் சிரிக்கவில்லை.

இரண்டாவது, கண்ணாடி போல ஒளி விடுகிற பிளாஸ்டிக் குமிழ். இதைத் திருகாணி போட்டு மாட்டக் கூரையில் ஏறினேன், ஏறியதும் ஏணி தன் பாட்டுக்குச் சாய்ந்துவிட்டது, உன் அக்கா கடைவீதியிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று, அதற்குள் பதிவுத் தபால் கொண்டுவந்த தபால்காரருக்கு மேலே உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். ஏணியை எடுத்து வையுங்கள் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டதில் அது விட்டுப்போயிற்று. மழை இல்லாததால் தோட்டத்துக் குழாயைக் கூரை மேல் கட்டிச் சோதித்தேன். பதினொரு சொட்டு. உன் அக்கா, "ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது" என்று ஆரம்பித்தாள். எண்ணிக்கை தப்பிவிடும், பேசாதே என்றேன்.

மூன்றாவதுதான் பெரிய இடத்துச் சாமான். கறுப்பாக, கனமாக, பின்பக்கம் மட்டும் வரி வரியாகத் திறப்பு விட்டது. கடைக்காரர், "இதை மாட்டிட்டா கொட்டுற மழையில கூட வென்ட்டைத் திறந்தே வெச்சிருக்கலாம் சார்" என்றார். மழையில் எவனாவது திறந்து வைப்பானா? விற்க வேண்டும் என்றால் என்ன வேண்டுமானாலும் பேசுவார்கள். நான் வென்ட்டை மூடி, உள்பக்கம் சுற்றிலும் ரப்பர் பசை தடவி, அதற்கு மேல் மூன்று சுற்று டேப் ஒட்டி, வெளியே கூரை மேல் இந்த மூடியை மாட்டினேன். நேற்றுக் காலை, குழாய் கட்டுவதற்கு முன்பே முதல் கட்டச் சோதனை. பத்தொன்பது சொட்டு, அதில் ஆறு என் வழுக்கையில். உன் அக்கா தலையைத் துடைத்துக்கொண்டே வெளியே பார்த்து, "மழையே இல்லையே, குழாயும் கட்டலையே" என்றாள். நான் விடவில்லை. "அதுதான் ஆபத்து. மழை இல்லாதப்பவே இத்தனைன்னா, மழை வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தியா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்து இறங்கிப் போய்விட்டாள். பதில் இல்லை என்றுதானே அர்த்தம்.

ஆக, மூடியின் தரம் உயர உயரச் சொட்டும் கூடுகிறது. பழைய மழையைக் கூரைத் தகடு குடித்து வைத்திருக்கிறது என்பது என் முடிவு. இதற்கு நான்காவது மூடி ஒன்று, இரட்டைத் தகடு போட்டு, என் அளவுக்கே செய்யச் சொல்லிவிட்டேன். மூன்று வாரத்தில் வரும், சோதனைக்கு ஒரு வாரம், ஆக ஒரு மாதத்தில் உறுதியாக உன் வாசலில் நிற்போம். உன் அக்காவை ஒரு சொட்டு படாமல் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அதுவரை நீ மாடிப்படி ஏறாதே. நீயும் உன் வீட்டாரும் நீண்ட ஆயுளும், ஒழுகாத கூரையும் பெற்று வாழ வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள். என் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டிப்போனாள். என் மூன்று சுற்று டேப்பையும் பசையோடு கிழித்து வென்ட்டைத் திறந்தாள், சன்னலை இரண்டு விரல் திறந்தாள், கெட்டிலைப் போட்டாள். இருபது நிமிஷம். தட்டு காய்ந்து கிடந்தது.

"வெளியிலேர்ந்து ஒண்ணும் வரலைங்க. எல்லாத்தையும் அடைச்சு வெச்சு கொதிக்க விட்டா, அந்த ஆவி மேல போய் நம்ம தலையிலயே விழுது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது தடவையே."

"ஏன் சொல்லலை?"

"பேசாதேன்னீங்க."

பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்: "அவன் படுத்து மூணு மாசம் ஆச்சு. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. நான் இன்னும் அவன் முகத்தைப் பாக்கலை. சொட்டு விழுந்தா பஸ்ல போயிடுவேன்னு விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நேத்து நெஜமாவே பஸ் நேரம் விசாரிச்சுட்டு வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை. நான்காவது மூடி வேண்டாம் என்று கடைக்குப் போன் செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நாளை மறுநாள் உன் கையிலேயே தருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அவள் எதிரில் வாய்விட்டுப் படிக்காதே.

உன் அக்கா பையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள். இப்போது பார்த்து நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் விடட்டுமே என்றேன்.

"நீங்க வண்டியை எடுங்க. நனைஞ்சா தொடைச்சுக்கலாம்."