ஓட்டம் நர்சம்மாவின் கழுத்துக் கட்டி

ஜவ்வாது மலையில் கரடியை நேருக்கு நேர் பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஓட்டம் நர்சம்மா உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. மூன்று வருடமாக அதில் தடுப்பூசிப் பெட்டிதான் உட்கார்ந்திருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மலையில் எல்லாருக்கும் அவர் ஓட்டம்தான். வீடு ஆலங்காயத்தில், வேலை மலையில், கிராம சுகாதார செவிலியர். நான் கலசப்பாக்கத்திலிருந்து மாற்றலாகிப் போன மருந்தாளுநர். முதல் நாள் நான் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, வணக்கம்கூடச் சொல்லாமல் அவர் கேட்டது இதுதான்: "இன்னா தம்பி, வந்ததும் உக்காந்துட்ட?" அன்றிலிருந்து அவரைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஜீப்பில் வரச் சொன்னால் வரமாட்டார். வளைவு வளைவாகச் சுற்றி நாங்கள் ஏறுவதற்குள் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே புகுந்து, குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, இரண்டு பேருக்கு ஊசியும் போட்டு முடித்திருப்பார். எட்டு இட்லியை நின்றபடியே சாப்பிடுவார். அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்பார். அவ்வளவும் எங்கே போகிறது என்பது யாருக்கும் புரியவில்லை. புடவைக்குள் ஒரு ஆள் இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மார்கழியில்தான் எங்களுக்கும் அவருக்கும் சண்டை. நாங்கள் மப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு துண்டு என்று மூட்டையாகக் கிடப்போம். அவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து ஜன்னல் மொத்தத்தையும் திறந்துவிட்டு, மின்விசிறியையும் ஐந்தில் வைப்பார். நான் போய் அணைப்பேன். அவர் போடுவார். கடைசியில் அந்த மின்விசிறியே வெறுத்துப்போய் நின்றுவிட்டது.

அவர் கை நடுங்கியது உண்டு. நாங்கள் டீயைக் குற்றம் சொன்னோம். நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். மலையேறினால் படபடக்காமல் என்ன செய்யும் என்றோம். அவர் இளைத்ததற்கும் மலைதான் காரணம், தூங்காததற்கும் மலைதான் காரணம். மருந்தும் மாத்திரையுமாக வாழ்கிற நான்கு பேர் கூடவே இருந்து சொன்ன வைத்தியம் இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில் ரத்த அழுத்தம் பார்க்கிற புது மெஷின் ஒன்று வந்தது. யார் கையிலாவது கட்டிப் பார்க்க வேண்டும். நர்சம்மா கையை நீட்டினார், நின்றபடியேதான். நாடித்துடிப்பு நூற்றுமுப்பது என்று காட்டியது. ஒருமனதாக மெஷின் கோளாறு என்று தீர்மானித்துத் திருப்பி அனுப்பினோம். அடுத்த மெஷின் வந்தது. நூற்று முப்பத்திரண்டு. அதையும் அனுப்பினோம், இந்த முறை கொஞ்சம் காரமான கடிதத்தோடு. மூன்றாவது மெஷினும் அதையே காட்டியபோது நான் அட்டைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த டாக்டரம்மா மெஷினை விட்டுவிட்டு நர்சம்மாவைப் பார்த்தார். "சிஸ்டர், எச்சில் முழுங்குங்க" என்றார். முழுங்கினார். தொண்டையின் வலப்பக்கத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறி இறங்கியது. மூன்று வருடமாக எங்கள் கண்ணெதிரேதான் அது ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. அவர் கணவர் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், துணைக்கு நானும் போனேன். ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை டாக்டர் பொறுமையாக விளக்கினார். தைராய்டு சுரப்பியில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அது யார் சொல்வதையும் கேட்காமல் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கிறது. இது ஒன்றே எல்லா வேலையையும் பார்ப்பதால் சுரப்பியின் மீதிப் பகுதி வேலையை நிறுத்தித் தூங்கிவிட்டது. கட்டியை எடுத்துவிட்டால் மீதி மெதுவாக விழித்துக்கொள்ளும் என்றார்.

நர்சம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்க ஆபீஸ் மாதிரியேதான் இருக்குது சார்" என்றார்.

வழிகளையும் டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கதிரியக்க அயோடின் குடிக்கலாம். கட்டி சிறியதாக இருந்திருந்தால் ஊசி போன்ற ஒன்றைச் செலுத்திச் சூட்டிலேயே சுருக்கிவிடலாம். இவர் கட்டி வளர்ந்துவிட்டதால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவதுதான் நல்லது என்பது அவர் யோசனை. அதற்கும் பழைய காலம் மாதிரி காதுக்குக் காது வெட்ட வேண்டியதில்லை. கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னதாகக் கீறி, கேமராவை உள்ளே விட்டு எடுக்கலாம். அல்லது கீழுதட்டுக்கு உள்பக்கமாகத் துளை போட்டு வாய் வழியாகவே போய் எடுக்கலாம், வெளியே தழும்பே இருக்காது. இந்தக் கடைசி வழியைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது அவர் கைராசியான வழி என்பது தெரிந்தது.

பதினாறு வருடமாக மலைப் பெண்களுக்குக் கருத்தடை முறைகளைப் படம் காட்டி விளக்கியவர் நர்சம்மா. அவரிடமே ஒருவர் விளக்குகிறார் என்றால் சும்மா விடுவாரா? "நல்லதெல்லாம் சொல்லிட்டீங்க, கெட்டதச் சொல்லுங்க" என்றார். குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது, அபூர்வமாகக் குரல் கம்மிப்போகலாம், அதைக் கவனிக்கத் தனிக் கருவி வைத்திருக்கிறோம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அதற்கெல்லாம் தலையாட்டியவர், கடைசியில் கேட்டது வேறு.

"இத்த எடுத்துட்டா நான் நடப்பேனா சார்?"

"ஆபரேஷன் கழுத்துலம்மா. கால்ல இல்ல."

"அது தெரியுது சார். ஆனா என் கால ஓட்டறதே அந்தக் கட்டிதான்னு இப்ப நீங்கதான சொன்னீங்க."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். நர்சம்மா சிரிக்கவில்லை, நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

உடனே கத்தி வைக்க முடியாது, மாத்திரை கொடுத்துத் துடிப்பை அடக்கிய பிறகுதான் ஆபரேஷன் என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரை தன் வேலையைக் காட்டியது. நான்காவது வாரம் கை நடுக்கம் நின்றது. ஜன்னல் மூடியே கிடந்தது. ஒரு நாள் காலையில் வந்து, எதையோ திருடிவிட்டவர் போலக் குரலைத் தாழ்த்தி, நேற்று மத்தியானம் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டதாகச் சொன்னார். நல்லதுதானே என்றேன். அவருக்கு அது நல்லதாகப் படவில்லை.

அதற்கடுத்த வாரம் ஜன்னல்கள் மறுபடியும் திறந்தன. தடுப்பூசிப் பதிவேட்டைத் தேடி நான் அவர் பையைத் துழாவியபோது மாத்திரை அட்டைகள் கையில் பட்டன. பத்து நாள் மாத்திரை அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் மாத்திரையை நிறுத்தாதே என்று பாடம் நடத்துகிறவர் இப்படிச் செய்யலாமா, இதயம் நின்றுபோனால் யார் பதில் சொல்வது என்று கத்திவிட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"இத்தப் போட்டா கால் ஏற மாட்டேங்குது தம்பி. மேல் ஊருக்குப் பத்து மணிக்குப் போய்ட்டு இருந்தவ, பன்னண்டுக்குப் போறேன். அதுக்குள்ள எல்லாம் கொல்லை வேலைக்குப் போய்டுதுங்க, புள்ளைங்களுக்கு ஊசி தப்பிப்போவுது. மலையில என்னிய ஓட்டம்னுதான கூப்பிடறாங்க? அந்த ஓட்டம் நான் இல்ல, கட்டின்னு சொல்லிட்டீங்க. கட்டி போய்ட்டா அப்புறம் நான் யாரு?"

நான் மலைக்கு வந்தபோதே அவர் ஓடிக்கொண்டுதான் இருந்தார். ஓடாத நர்சம்மா எப்படி இருப்பார் என்று எனக்கே தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் மேல் ஊருக்கு அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கிளம்பினேன். அங்கே வெள்ளச்சி என்று ஒரு பெண். பித்தப்பையில் கல், சாப்பிட்டாலே சுருண்டு படுத்துவிடுவாள். சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம் என்று நர்சம்மா ஒரு வருடமாகப் பேசிப் பார்க்கிறார், அவள் கீழே இறங்க மறுக்கிறாள். வழியில் இரண்டு இடத்தில் நர்சம்மா பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நெஞ்சு அடிப்பது புடவைக்கு மேலேயே தெரிந்தது. ஆனாலும் வெள்ளச்சி வீட்டு வாசலில் போய் நின்றதும் பழைய பல்லவியை ஆரம்பித்துவிட்டார். பயப்படாதே, கத்தி என்றால் அந்தக் காலத்துக் கத்தி இல்லை, இரண்டே நாளில் வீடு திரும்பலாம்.

வெள்ளச்சி சாமையைப் புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒன் கழுத்துலயும் கட்டி, கத்தி வைக்கணும்னு சொன்னாங்களாமே நர்சம்மா. நீ போனியா?"

நர்சம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பாதி வழியில் நின்றார். பிறகு என் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினார். டாக்டரம்மாவிடம் நடந்ததைத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார், சொல்லியும் விட்டார்.

துடிப்பு அடங்கி மறுபடியும் வேலூர் போனோம். வாய் வழியாகச் செய்யத்தான் டாக்டர் தயாராக இருந்தார். கணவருக்கும் அதுதான் ஆசை. கழுத்தில் தழும்பு எதற்கு, நல்லது கெட்டதுக்குப் போக வேண்டாமா என்று நியாயமாகத்தான் கேட்டார். நர்சம்மா கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"கழுத்துலயே வெட்டுங்க சார். வாய்க்குள்ள வெட்டுனா மலையில யார் நம்புவாங்க? வூடு வூடாப் போய் ஒதட்டத் திருப்பிக் காட்டிட்டு இருக்க முடியுமா?"

தழும்பு தெரியாமல் செய்ய வேண்டும் என்று கேட்டவர்களை அந்த டாக்டர் நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார். தெரியும்படி செய்ய வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். இதுவும் நல்ல வழிதான், ஆனால் சின்னக் கீறல், கழுத்து மடிப்பில்தான் போடுவேன், ஒரு வருடத்தில் மங்கிவிடும் என்று எச்சரித்தார். ஒரு வருடம் தாராளமாகப் போதும் என்றார் நர்சம்மா.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரலும் பத்திரமாக இருந்தது, கண் விழித்ததும் முதல் வேலையாகக் கணவரிடம் கடையைத் திறந்தீர்களா என்று கேட்டாராம். அவர் விடுப்பில் இருந்தபோதுதான் எங்கள் நிலையத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தது. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மலையேறினேன். முதல் வாரம் கால் வீங்கியது. சுரப்பியின் மீதிப் பகுதி விழித்தெழக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னது சரிதான்.

திரும்பி வந்தவர் கொஞ்சம் சதை போட்டிருந்தார். கழுத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அதை எல்லாருக்கும் காட்டினார், கேட்காதவர்களுக்கும் காட்டினார். வெள்ளச்சி அதை விரலால் தடவிப் பார்த்து, இவ்வளவுதானா என்றாளாம். அடுத்த மாதம் கீழே இறங்கினாள்.

ஓட்டம் மட்டும் திரும்பி வரவே இல்லை. வளைவுச் சாலையில் ஜீப் இப்போது அவரைச் சுலபமாக முந்திவிடுகிறது. ஆனால் மேல் ஊரில் குழந்தைகள் பழையபடி பத்து மணிக்கே வரிசையில் நிற்கிறார்கள். எப்படி என்று விசாரித்தேன். இப்போதெல்லாம் நேரத்தோடு எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, இரண்டு மணி நேரம் முன்னதாகவே நடக்க ஆரம்பித்துவிடுகிறார். கட்டி கொண்டுபோனது வேகத்தை மட்டும்தான்.

நானும் அவரோடு கிளம்பிவிடுகிறேன். வேலைக்கு அவசியம் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், அது பொய். மூன்று வருடம் அவர் பின்னால் மூச்சிரைக்க ஓடியிருக்கிறேனே தவிர, அவரோடு முழுதாகப் பத்து வார்த்தை பேசியதில்லை. இப்போது பக்கத்தில் நடக்க முடிகிறது, நர்சம்மா பேசிக்கொண்டே வருகிறார், எனக்கு அது பிடித்திருக்கிறது.